கண் ஆபரேஷனுக்கு ஊசியா, சொட்டு மருந்தா? போர்டுல போடாத விஷயம்

"ஊசி இல்லை, தையல் இல்லை, கட்டு இல்லை"ன்னு கண் ஆஸ்பத்திரி விளம்பரம் பார்க்காத ஆளு நம்ம பக்கத்துல குறைவு. அதே நேரம் நம்ம திருநெல்வேலி முக்கூடல், பாப்பாக்குடி பக்கம் கேம்ப் பஸ்ல ஏறிப்போய் கண் புரை எடுத்துட்டு வந்த ஆச்சிகிட்ட கேட்டா "கண்ணுக்குக் கீழ ஊசி போட்டாவ, விடிய விடிய கட்டு, காலையில தான் பிரிச்சாவ"ன்னு சொல்லுவா. பக்கத்து வீட்டு அண்ணாச்சி காசு கட்டி பண்ணிட்டு அன்னைக்கு சாயங்காலமே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருப்பாரு. உடனே வீட்டுல பேச்சு கிளம்பிரும், காசு குடுத்தா சொட்டு மருந்து, இலவசம்னா ஊசியா, ஊசி குத்துனா கண்ணு போயிருமாமே, அப்பம் கேம்புக்கே போகக் கூடாதோ அப்டின்னு.

மூணும் மூணு வேற கேள்வி. ஒண்ணா போட்டு குழப்பிக்கிட்டா பயம் தான் மிஞ்சும். அடியில இருந்து வரிசையா பார்ப்போம்.

எதையெல்லாம் மரத்துப்போக வைக்கணும்

பல்லு புடுங்கறதுக்கு வலி தெரியாம இருந்தா போதும். கண்ணுக்கு அது மட்டும் பத்தாது, மூணு வேலை நடக்கணும்.

1. வலி தெரியக் கூடாது. கண்ணுல இருந்து வலிய மூளைக்கு கொண்டுபோறது அஞ்சாவது மூளை நரம்போட கிளைக.

2. கண்ணு அசையக் கூடாது. ஆறு சின்ன தசை கண்ணைப் புடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புது, அதுகள இயக்கறது 3, 4, 6ஆவது நரம்புக.

3. இமைய இறுக்கி மூடக் கூடாது. அது ஏழாவது நரம்போட வேலை. கண்ணைத் தொறந்து வச்சு வேலை நடக்கும்போது ஆளு இறுக்குனா உள்ள அழுத்தம் ஏறும், உள்ள இருக்கறது வெட்டு வழியா வெளிய தள்ளும்.

சொட்டு மருந்து முதல் வேலைய மட்டும் தான் செய்யும். ஊசி மருந்து முதல் ரெண்டையும் நல்லாவே செய்யும், மருந்து நல்லா பரவுனா மூணாவதையும் சேர்த்து செய்யும். ஊசியா சொட்டாங்கற வாக்குவாதம் பூராவும் இந்த ஒரு வித்தியாசத்துல இருந்து தான் கிளம்புது.

கண்ணு உள்ள எப்படி உக்காந்திருக்கு

பனங்காய சீவுனா குழிக்குள்ள நுங்கு உக்காந்திருக்கும்லா, கிட்டத்தட்ட அதே மாதிரி தான். எலும்புக் குழி ஒரு கூம்பு, உள்ளளவு சுமாரா 30 மில்லி. அதுல கண்ணு பிடிக்கிற எடம் 7 மில்லி தான், மிச்சமெல்லாம் கொழுப்பு, தசை, ரத்தக்குழாய், நரம்பு. முன்னயிருந்து பின்ன வரைக்கும் கண்ணோட நீளம் சாதாரணமா 23, 24 மில்லிமீட்டர். பின்னாடி நாலு நேர் தசை சேர்ந்து ஒரு புனல் மாதிரி குவியுது, புனலுக்கு நடுவுல பார்வை நரம்பு போகுது.

இந்தப் பார்வை நரம்பு மத்த நரம்பு மாதிரி கிடையாது, மூளையோட ஒரு நீட்சி. மூளைய மூடியிருக்கற உறையும் அதுக்குள்ள இருக்கற தண்ணியும் இந்த நரம்பைச் சுத்தியும் வருது. இத நினைப்புல வச்சுக்கிடுங்க, கீழ வேணும்.

140 வருஷக் கதை சுருக்கமா

1884க்கு முன்னாடி கண்ண அறுக்கணும்னா பெரும்பாலும் ஆளை நாலு பேரு புடிச்சுக்கிடணும், அவ்வளவு தான். அந்த வருஷம் வியன்னாவுல கார்ல் கோலர்ங்கற இளம் டாக்டர் கோகைன் கரைசல கண்ணுல விட்டா கண்ணு மரத்துப்போகுதுன்னு கண்டுபிடிச்சாரு (கோகைனை அவருக்கு அறிமுகம் பண்ணுனது மனோதத்துவ டாக்டர் பிராய்டு தான், ஆனா பேரு கோலருக்குப் போயிட்டு). ஆளை மயக்காம அந்த எடத்த மட்டும் மரத்துப்போக வைக்கற மருந்துன்னு இன்னைக்கு உலகத்துல இருக்கற அத்தனைக்கும் தொடக்கம் ஒரு கண் சொட்டு. அதே வருஷம் நாப்ங்கறவர் கோகைனை கண்ணுக்குப் பின்னாடி ஊசியா போட்டும் பார்த்துட்டாரு.

பின்னாடி புரோகைன், அப்புறம் லிக்னோகைன்னு பாதுகாப்பான மருந்துக வந்துது. 1936ல அட்கின்சன்னு ஒரு டாக்டர் அந்தத் தசைப் புனலுக்குள்ளயே ஊசிய விடுற முறைய ஒழுங்குபடுத்தி எழுதுனாரு. ஊசி போடும்போது நோயாளி மேலயும் மூக்குப் பக்கமாவும் பார்க்கணும்ங்கறது அவர் சொன்னது. அரை நூற்றாண்டுக்கு உலகம் பூரா அப்படித்தான் போட்டாங்க.

1981ல சி.டி. ஸ்கேன் வச்சு பார்த்தப்போ தான் தெரிஞ்சுது, மேல உள்பக்கமா பார்த்தா பார்வை நரம்பு முறுக்கேறி நேரா ஊசி வார வழிக்குப் பக்கத்துலயே வந்து நிக்குதுன்னு. அத்தனை வருஷமா சொல்லிக்குடுத்தது தப்பான பக்கம். இன்னைக்கு "நேரா பாருங்க, கண்ண உருட்டாதீங்க"ன்னு சொல்லிட்டு ஊசி போடுதாங்கன்னா காரணம் அந்த ஸ்கேன் தான்.

ஊசியில ஆபத்து எங்கன இருக்கு

மருந்துலயும் ஆபத்து உண்டு, ஆனா பெரும்பங்கு அந்தக் கூர்மையான முனையில தான் இருக்கு. கண்ணுக்குப் பின்னாடி ஊசி போகும்போது அது எங்க போகுதுன்னு போடுதவரு கண்ணால பார்க்க முடியாது, கைப்பழக்கத்துல தான் போடணும்.

1. ரத்தக்குழாய்ல பட்டா குழிக்குள்ள ரத்தம் கட்டும். கண்ணு முன்னாடி பிதுங்கும், இமை கல்லு மாதிரி ஆகும். பெரும்பாலும் ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டு அழுத்திப் புடிச்சா சரியாப் போகும். ரத்தக்கசிவு அதிகமாயி அழுத்தம் ஏறுனா பார்வை நரம்புக்கு ரத்தம் போறது நின்னுரும், அப்பம் இமையோட வெளி ஓரத்த உடனே வெட்டிவிட்டு அழுத்தத்த இறக்கணும்.

2. கண்ணையே குத்திரலாம். எல்லாரும் பயப்படற விஷயம் இது தான். ஆயிரத்துல ஒண்ணுல இருந்து பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கீழ வரைக்கும், ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுது. ஆனா இந்த ஆபத்து எல்லா கண்ணுக்கும் ஒண்ணு போல கிடையாது. சின்ன வயசுல இருந்தே தடிமனான மைனஸ் கண்ணாடி போட்டவங்களுக்கு கண்ணு நீளமா இருக்கும், 26 மில்லிமீட்டருக்கு மேல போகும், பின்சுவர் மெலிஞ்சு சில பேருக்கு பின்னாடி ஒரு எடத்துல பலூன் மாதிரி பிதுங்கியும் நிக்கும். 24 மில்லிமீட்டர் கண்ணுக்கு பழகுன கை 28 மில்லிமீட்டர் கண்ணுல அதே ஆழத்துக்கு ஊசிய விட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கிடுங்க.

3. பார்வை நரம்பு உறைக்குள்ள மருந்து போயிட்டா. மேல நினைப்புல வச்சுக்கிடச் சொன்னது இதுக்கு தான். அந்த உறை நேரா மூளைத்தண்டுக்கு வழி. போட்ட ரெண்டு நிமிஷத்துலயோ இல்ல கால் மணி, அரை மணி நேரம் கழிச்சோ ஆளுக்கு சொக்கும், பேச்சு குழறும், மூச்சு நின்னு போகலாம். ஊசி போடாத அடுத்த கண்ணுல பாப்பா (நடுவுல இருக்கற கறுப்பு வட்டம்) விரிஞ்சு கிடந்தா அது முக்கியமான அறிகுறி. கேக்க பயங்கரமா இருக்கு, ஆனா பக்கத்துல ஆளு இருந்து உடனே மூச்சு குடுத்தா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மருந்து இறங்கி ஆளு எழும்பி உக்காந்துருவாரு. துணி மூடி கிடக்கறவர யாரும் கவனிக்காம விட்டா தான் உயிர் போகும்.

4. தசைக்குள்ள மருந்து போனா, முக்கியமா கண்ணுக்குக் கீழ இருக்கற தசைகள்ல, பின்னாடி எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியலாம்.

5. கண்ணை அழுத்துனாலோ தசைய இழுத்தாலோ சில பேருக்கு நாடித்துடிப்பு பொசுக்குனு இறங்கும். இழுக்கறத விட்டா பெரும்பாலும் தானா ஏறிரும், இல்லன்னா அட்ரோபின் போடுவாங்க.

மருந்து அளவையும் சொல்லிரணும். 2 சதவீத லிக்னோகைன்ல 1 மில்லிக்கு 20 மில்லிகிராம். அட்ரினலின் சேர்க்காம போட்டா உடம்பு எடையில கிலோவுக்கு 3ல இருந்து 4.5 மில்லிகிராம் வரை தான் வழக்கமான வரம்பு. பீடி சுத்தி சுத்தி வத்திப்போன 40 கிலோ ஆச்சிக்கு அது 6ல இருந்து 9 மில்லி. எல்லாருக்கும் பத்து பத்து மில்லின்னு போட முடியாதுங்கறது இதனால தான், ரெண்டாவது ஊசி கேக்கும்போது முதல் ஊசியோட கணக்கையும் சேர்த்துக்கிடணும்.

ஊசியையே பாதுகாப்பா மாத்துனது எப்படி

முதல் மாற்றம் ஊசியோட நீளம். பழைய முறையில 38 மில்லிமீட்டர், ஒன்றரை இஞ்சு. குழி சின்னதா இருக்கற ஆளுக்கு அந்த நீளம் குழியோட நுனி வரைக்கும், பார்வை நரம்பு நகர எடமில்லாம இறுகிக் கிடக்கற எடம் வரைக்கும் போயிரும். இப்பம் 25 மில்லிமீட்டர் தான், ஒரு இஞ்சு.

ரெண்டாவது, புனலுக்குள்ள போகாம புனலுக்கு வெளியிலயே மருந்தை விடுறது. 1986ல இந்த முறை பரவலாச்சு, பெரிபல்பார்னு பேரு. கீழ் இமையோட வெளிப்பக்கம் மூணுல ஒரு பங்கு எடத்துல ஊசி இறங்கும், மருந்து கொஞ்சம் கூட வேணும், அது கொழுப்புக்குள்ள ஊறி உள்ள போய் சேர பத்து நிமிஷம் ஆகும். ஊறறதுக்கு ஹயலுரோனிடேஸ்ங்கற நொதிய சேர்ப்பாங்க. போட்டதும் கண்ண மூடி மேல பஞ்சு வச்சு உள்ளங்கையால அமுக்கி உக்கார வைப்பாங்களே, அதுவும் மருந்து பரவவும் கண் அழுத்தம் இறங்கவும் தான். கேம்ப்ல ஊசி போட்டுட்டு வரிசையா பெஞ்சுல உக்காந்திருக்கறத பார்த்துட்டு "போட்டுட்டு அப்படியே விட்டுட்டாவ"ன்னு சொல்லுவாங்க, விடல, ஊறவைக்காங்க.

பெரிபல்பார் வந்த பிறகு நரம்பு உறைக்குள்ள மருந்து போறது குறைஞ்சுது. ஆனா முனை கூர்மையா இருக்கற வரைக்கும் கண்ணக் குத்துற ஆபத்து முழுசா போகல.

கூர்முனைய எடுத்துட்டா?

என் கணிப்புல இந்தக் கதையிலயே பெரிய திருப்பம் இது தான், ஆனா விளம்பரத்துல இதப் பத்தி ஒரு வரி கூட இருக்காது. பேரு சப்-டெனான்.

நுங்கு மேல மெல்லிசா ஒரு தோல் ஒட்டிக்கிட்டு இருக்கும்லா, கண்ணுக்கும் அப்படி ஒரு மெல்லிய உறை உண்டு, டெனான்ங்கற பிரெஞ்சு டாக்டர் விவரிச்சதால அவர் பேரு. உறைக்கும் வெள்ளை விழிக்கும் நடுவுல ஒரு வழுக்கல் இடைவெளி. நுங்குத் தோல நகத்தால லேசா கீறி ஊதிப் பாருங்க, காத்து தோலுக்கும் சதைக்கும் நடுவுல வழுக்கிப் போகும், நுங்குல ஒரு கீறல் விழாது. அதே சூத்திரம் தான்.

செய்யற விதம் இப்படி. சொட்டு மருந்து விட்டு மேல்பரப்ப மரக்க வைப்பாங்க. அயோடின் விட்டு சுத்தம் பண்ணி இமைய கிளிப் போட்டு விரிப்பாங்க. நோயாளிய மேல, வெளிப்பக்கமா பார்க்கச் சொல்லிட்டு கீழ மூக்குப் பக்கத்து மூலையில, கருவிழி விளிம்புல இருந்து அஞ்சு மில்லிமீட்டர் தள்ளி, மெல்லிய தோல இடுக்கியால ஒரு சிட்டிகை தூக்கி கத்தரியால ஒரு சின்ன நறுக்கு. உள்ள பீங்கான் மாதிரி வெள்ளை தெரியும். அந்த நறுக்கு வழியா நுனி மழுங்குன வளைஞ்ச குழாய், முனையே கிடையாது, கண்ணோட வளைவ ஒட்டி வழுக்கிக்கிட்டே பின்னாடி போகும். மெதுவா 3ல இருந்து 5 மில்லி மருந்து. அஞ்சு நிமிஷத்துல கண்ணு நின்னுரும். 1990கள்ல தொடக்கத்துல இது புழக்கத்துக்கு வந்துது.

இதுல பார்க்க அசிங்கமான ஒரு பின்விளைவு உண்டு, கண்ணு வெள்ளை செக்கச்செவேல்னு ஆயிரும், கொஞ்சம் உப்பிக்கிடும். பாக்குத வீட்டாளுக பதறிருவாங்க. தோலுக்கடியில ரத்தம் கசிஞ்சது தான், ஒண்ணு ரெண்டு வாரத்துல மறைஞ்சிரும். பிரிட்டன்ல 55,567 புரை ஆபரேஷன் பதிவுகள அலசி 2009ல வெளியிட்ட கணக்கு இத அழகா காட்டுது. இந்த மாதிரி சில்லறைத் தொந்தரவு சப்-டெனான்ல 2.3 மடங்கு அதிகம், ஆனா கண்ணுக்கே கேடு வர்ற பெரிய சிக்கல் கூர்மையான ஊசியில 2.5 மடங்கு அதிகம். சிவந்த கண்ணா, போன கண்ணான்னு கேட்டா எனக்கு சிவந்த கண்ணே போதும்.

சப்-டெனான்ல பெரிய சிக்கலே வராதுன்னும் சொல்ல முடியாது, ரொம்ப அபூர்வமா வந்திருக்கு. அதனால அங்கயும் நாடி, ஆக்சிஜன் அளவு பார்க்கற கருவி மாட்டியிருக்கணும்.

சொட்டு மருந்து மட்டும்

1990கள்ல பேகோ மெஷினும் (புரைய உள்ளயே உடைச்சு உறிஞ்சி எடுக்கற மெஷின்) மடக்கி வைக்கிற லென்ஸும் பரவலாகி வெட்டு 3 மில்லிமீட்டருக்குள்ள சுருங்குனதும் தான் சொட்டு மருந்து திரும்ப வந்துது. புரோபராகைன் சொட்டு, இல்ல லிக்னோகைன் ஜெல்லி. பத்தலன்னா ஆபரேஷன் நடுவுல கெடாம இருக்க ரசாயனம் எதுவும் சேர்க்காத 1 சதவீத லிக்னோகைன் கொஞ்சூண்டு கண்ணுக்குள்ளயே விடுவாங்க.

ஊசி ஆபத்து எதுவும் இல்ல, பார்வை அப்பவே இருக்கும், கட்டு பெரும்பாலும் வேண்டாம். பதிலுக்கு நீங்க வேலை செய்யணும். கண்ணு அசையும், வெளிச்சம் தெரியும், ஏதோ நெழல் நடமாடும், அமுக்கம் தெரியும், "லைட்டையே பாருங்க"ன்னு சொன்னா இருபது நிமிஷம் லைட்டையே பார்க்கணும். காது கேக்காத தாத்தா, நிமிஷத்துக்கு ஒரு தரம் இருமுறவரு, தலை நடுக்கம் உள்ளவரு, பஞ்சு தொட்டாலே இமைய இறுக்குறவரு, இவங்களுக்கு சொட்டு மருந்து பாதுகாப்பு கிடையாது, கத்தி உள்ள இருக்கும்போது கண்ணு திரும்புனா என்ன ஆகும். ரொம்ப பதட்டப்படறவங்க, சின்னப் புள்ளைக, சொன்னா புரியாத நிலைமையில இருக்கறவங்களுக்கு முழு மயக்கமே தான் நல்லது.

ஜெல்லியில ஒரு சின்ன சூட்சுமம், அயோடின முதல்ல விட்டுட்டு தான் ஜெல்லி போடணும். முதல்லயே ஜெல்லி பூசிட்டா அது ஒரு படலமா நின்னு அயோடின் கிருமி மேல படாம தடுத்துரும்.

இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு சம்பந்தமில்ல ஆனா சொல்லாம போக முடியல. வெல்டிங் பட்டறை பசங்க ராத்திரி கண்ணு எரிஞ்சா இந்த மரத்துப்போற சொட்ட வாங்கி வச்சு விட்டுக்கிடுதாங்க. வலி நிக்கும், அடியில கருவிழி ஆறாம கரையும். ஆஸ்பத்திரியில ஒரு தரம் விடுறது வேற, பாக்கெட்ல வச்சுக்கிட்டு விடுறது வேற.

அப்பம் காசுக்குத் தான் சொட்டு மருந்தா?

பாதி ஆமா, பாதி இல்ல. கேம்ப்ல பெரும்பாலும் பண்ணுறது சிறு கீறல் ஆபரேஷன். அதுல மெஷின் இல்லாம லென்ஸோட கெட்டிக் கருவை முழுசா வெளிய எடுக்கணும், அதுக்கு 6, 7 மில்லிமீட்டர் வழி வேணும், கண்ணைப் புடிச்சுத் திருப்ப மேல் தசையில ஒரு நூல் மாட்டணும். சொட்டு மருந்துல இத்தனையும் தாங்காது, ஆழமா மரக்கணும். மெஷினும் மடக்கு லென்ஸும் செலவு, அது காசு விஷயம் தான், மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா சிறு கீறல் ஆபரேஷன் ரெண்டாந்தரம் கிடையாது. மதுரையில 1976ல 11 படுக்கையோட ஆரம்பிச்சு 1988ல திருநெல்வேலிக்கும் வந்த அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி எடங்கள்ல இந்த முறையில லட்சக்கணக்கான பேருக்கு பார்வை வந்திருக்கு.

காசு இருந்தாலும் ஊசி கட்டாயம் ஆகற நிலைமை ஒண்ணு இருக்கு, அத நாமளே உண்டாக்கிக்கிடுதோம். "புரை நல்லா முத்தட்டும், பொறவு எடுப்போம்"னு சொல்ற பழக்கம். முத்துன புரை கருப்பட்டி மாதிரி இறுகிரும், மெஷின்ல உடைக்கறது கஷ்டம், வெட்டு பெருசாகும், நேரம் கூடும், சொட்டு மருந்துல முடிக்க வேண்டிய கண்ணு ஊசிக்குப் போயிரும். முத்தற வரைக்கும் காத்திருக்கணும்ங்கறது அந்தக் கால ஆபரேஷனுக்கு சொன்னது.

ஆபரேஷனுக்கு முன்னாடி வாயத் தொறந்து சொல்ல வேண்டியது

1. கண்ணோட நீளம். லென்ஸ் பவர் கணக்குப் போட எல்லாருக்கும் முன்னாடியே கண்ண அளந்திருப்பாங்க, அந்தச் சீட்டுல மில்லிமீட்டர்ல ஒரு நம்பர் இருக்கும். 26க்கு மேல இருந்தா "ஊசி தானா டாக்டர், சப்-டெனானோ சொட்டோ முடியாதா"ன்னு கேக்கலாம், தப்பே கிடையாது. பழைய மைனஸ் கண்ணாடி வீட்டுல கெடந்தா அதையும் எடுத்துக்கிட்டு போங்க.

2. ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற மாத்திரை, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் எதுவானாலும். நீங்களா நிறுத்தாதீங்க. கண்ணுல ரெண்டு சொட்டு ரத்தம் வருமேன்னு நிறுத்தி மாரடைப்பு வாங்குனா யாருக்கு லாபம். வார்பரின் சாப்பிடறவங்களுக்கு ரத்த டெஸ்ட் பார்த்துட்டு கூர்ஊசி இல்லாத முறைய டாக்டரே தேர்ந்தெடுப்பாரு.

3. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடற ஆம்பளைக அத கட்டாயம் சொல்லணும். மரக்கறதுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இல்ல, கருவிழிக்குப் பின்னாடி இருக்கற திரை துணி மாதிரி தொங்கி ஆபரேஷன சிக்கலாக்கும், அதுக்குத் தக்கன திட்டம் போடணும்.

4. இருமல், மூச்சிரைப்பு, மல்லாக்கப் படுக்க முடியாது, காது கேக்காது. பீடித் தூசியில வருஷக்கணக்கா இருமுற அம்மாக்கள் "ஆபரேஷன் வேண்டாம்னு திருப்பி அனுப்பிருவாவ"ன்னு பயந்து இத மறைக்காங்க. மறைச்சா முறைய மாத்தறதுக்கு டாக்டருக்கு வழியில்லாம போயிரும்.

5. முன்னாடி பல் டாக்டர்கிட்டயோ வேற எங்கயோ மரத்துப்போற ஊசிக்கு உடம்பு தடிச்சிருந்தா.

கூட்டிட்டுப் போறவங்க கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஊசி போட்டதுல இருந்து துணி எடுக்கற வரைக்கும் நாடியும் மூச்சும் பார்க்க தனியா ஆளு இருக்காங்களா, கையில ஐ.வி. ஊசி மாட்டிருவாங்களான்னு. கூர்ஊசி போடற எடத்துல இது ரெண்டும் இருக்கணும்.

வீட்டுக்கு வந்த பொறவு

ஊசியோ சப்-டெனானோ போட்டிருந்தா சில மணி நேரத்துக்கு கண்ணு சரியா தெரியாது, இமை தொங்கும், ரெண்டு ரெண்டா தெரியும். மருந்து பார்வை நரம்பையும் தசையையும் சேர்த்து தூங்க வச்சிருக்கு, அதனால தான். கட்டு போடுறதும் இதுக்கு தான், இமை மூடாம கருவிழி காஞ்சு போகக் கூடாது, மரத்த கண்ணுல தூசி விழுந்தா ஆளுக்குத் தெரியவும் செய்யாது. ராத்திரி அரிக்குதுன்னு கட்டப் பிரிச்சு பார்க்கற ஆளுக உண்டு, பக்கத்துல படுக்கறவங்க கவனிச்சுக்கிடணும்.

மறுநாள் கட்டு பிரிச்ச பிறகும், ரெண்டு நாள் தாண்டியும் ரெண்டு ரெண்டா தெரிஞ்சா தசையில மருந்து பட்டிருக்கான்னு பார்க்கணும், நாள் தள்ளாம போகணும். லேசான உறுத்தல் இருக்கும், அது மரப்பு இறங்குறது. வலி நேரம் ஆக ஆக கூடிக்கிட்டே போகுது, வாந்தி வருது, பார்வை நேத்தைக்கு விட மங்குதுன்னா மரப்பு இறங்குற கணக்கு கிடையாது, அது கண் அழுத்தமாவோ கிருமியாவோ இருக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டுல போன் நம்பர் இருக்கும், விடிஞ்சு முதல் பஸ் வரட்டும்னு இருக்காம அப்பவே கூப்பிடணும்.